எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட் இருந்தாத்தான் தீசிஸா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில, தீசிஸ் பண்றவங்களுக்கு டேட்டா அனாலிசிஸ் செஞ்சு குடுக்குற ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை பாக்குறேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் எம்டி படிக்கிற டாக்டருங்க, மீதி பிஎச்டி. வந்து உக்காந்ததும் அவங்க கேக்குற முதல் கேள்வியே "எஸ்பிஎஸ்எஸ்ல தானே போடுவீங்க, எங்க கைடு அதைத்தான் கேப்பாரு"ங்கிறதுதான். எஸ்பிஎஸ்எஸ்னா புள்ளிவிவரக் கணக்குப் போடுற ஒரு சாஃப்ட்வேர்.

நான் ஆர்-ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல, அதே கணக்குகளை கோடு எழுதிப் போடுறவன். நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டி வாத்தியாருங்க ரெண்டு பேரு, ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990கள்ல ஆரம்பிச்சது, 2000ல முதல் முழு வெர்ஷன் வந்துச்சு, அன்னையிலருந்து இன்னிக்கு வரைக்கும் பைசா செலவில்ல. எஸ்பிஎஸ்எஸ் 1968லயே வந்தது, 2009ல ஐபிஎம் வாங்கிட்டாங்க. அது மட்டமான சாஃப்ட்வேர்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா எங்ககிட்ட வர்ற பசங்கள்ல லைசென்ஸ் காசு குடுத்து வாங்குன ஒருத்தரையும் நான் பாத்ததில்ல, எல்லாம் பென் டிரைவ்ல கைமாறுற கிராக் வெர்ஷன்தான், அதுல வைரஸ் வந்து ஒரு வருஷ டேட்டாவ தொலைச்சுட்டு அழுத பொண்ணையும் பாத்திருக்கேன்.

போன மாசம் ஒரு குழந்தைங்க டாக்டர் எக்செல் ஷீட் கொண்டு வந்தாங்க. வயசு போட்டிருந்த இடத்துல 5-10னு அடிச்சதெல்லாம் அக்டோபர் 5ஆ மாறிக் கிடந்துச்சு, எக்செல் அதை தேதின்னு எடுத்துக்கிச்சு. அவங்க கவனிக்காம கையால எண்ணி டேபிள் போட்டு கைடுகிட்ட காட்டிட்டாங்க, அதுல அந்த வயசுக் குழந்தைங்களே விட்டுப் போச்சு. இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறதில்ல. மார்ச்1னு பேர் வச்ச ஒரு ஜீன், அதாவது மரபணு, எக்செல்ல தேதியா மாறி மாறி, கடைசியில ஜீனுக்குப் பேர் வைக்கிற கமிட்டி 2020ல அதை மார்ச்எஃப்1னே மாத்திட்டாங்க. ஆர்-ல கோடு எழுதி வச்சா எந்த வரியில என்ன ஆச்சுன்னு ஆறு மாசம் கழிச்சும் தேடிப் பாக்கலாம், மவுஸால கிளிக் பண்ணிக்கிட்டே போனா எங்க தப்பாச்சுன்னு யாருக்கும் தெரியாது.

அதுக்காக கூட வேலை பாக்குறவங்க சொல்றதைத் தள்ளவும் முடியாது. எங்க சீனியர் அண்ணன் ஒருநாள் கேட்டாரு, "தம்பி, நீ ஊருக்குப் போயிட்டா உன் கோடை யாருப்பா திறந்து பாக்குறது?" நியாயம்தான். திருவிழாவுக்கு நான் போன சமயத்துல ஒரே ஒரு டேபிளை மாத்த ஆளில்லாம ஒரு ஸ்டூடண்ட் நாலு நாள் காத்துக் கிடந்தாங்க. இப்ப அண்ணனுக்கு ஜாஸ்ப்ங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்திருக்கேன், ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டியில செஞ்சது, அதுவும் ஃப்ரீ, மெனுவுல கிளிக் பண்ணி வேலை பாக்கலாம், பழைய எஸ்பிஎஸ்எஸ் ஃபைலும் திறக்குது. ஒரு வாரத்துல பழகிட்டாரு. எஸ்பிஎஸ்எஸ்தான் வேணும்ங்கிறவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், ஓகே அமுக்குறதுக்குப் பதிலா பேஸ்ட்டை அமுக்கி சின்டாக்ஸை, அதாவது நீங்க கிளிக் பண்ணதோட கட்டளை வரிகளை, சேவ் பண்ணி வைங்க, செஞ்ச வேலைக்கு அதாவது ஆதாரமா இருக்கும். க்ளையன்ட்டுக்கு எப்பவும் வேர்டுல டேபிளாத்தான் குடுக்குறேன், அவங்க ஆர் படிக்கணும்னு எதிர்பார்க்கிறது சரியில்ல.

என்னால தாங்க முடியாதது வேற. ஆர்-ல போட்ட கணக்க "எஸ்பிஎஸ்எஸ்ல செஞ்சோம்"னு எழுதிக் குடுங்கன்னு கேக்குறாங்க. மாட்டேன்னுட்டேன், ரெண்டு பேர் வேற எடத்துக்குப் போயிட்டாங்க. டாக்டர் ஆகப் போற பிள்ளைங்க, ஒரு சாஃப்ட்வேர் பேருக்காக பொய் எழுத வேண்டிய நிலைமைக்குத் தள்ளப்படுறாங்க. உண்மையில வித்தியாசமே இல்லாட்டியும் இப்படி ஒரு முடிவு தற்செயலா வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு சொல்றதுதான் பி-ங்கிற எண். எத்தனை கைடுங்க பி = 0.000னு அச்சடிச்சு வந்ததை அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்புறாங்க, 0.001க்குக் கீழன்னுல்ல எழுதணும், அதை யாரும் கேக்குறதில்ல, சாஃப்ட்வேர் பேரை மட்டும் கேக்குறாங்க.

எந்த சாஃப்ட்வேர்ல வேணா செய்யலாம், பேரையும் வெர்ஷனையும் உள்ளபடி எழுதணும், டேட்டாவும் கோடும் கூட வைக்கணும்னு யுனிவர்சிட்டிகள் ஒரு சர்க்குலர் போட்டாப் போதும். உங்க பேப்பர்ல இதைப் போட்டீங்கன்னா கைடுங்க கண்ணுல படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை