அந்த இன்லாண்டு லெட்டர் இருக்கிறதா, பார்

தேவகோட்டை,
ஐப்பசி, 2025

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? தீபாவளிக்கு வருவாய் என்று உன் பேரில் கந்தரப்பம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள் வீட்டுக்காரி. கோயம்புத்தூரை விட்டு நீ நகர மாட்டாய் என்று தெரிந்ததும் நானே தீர்த்துவிட்டேன். சர்க்கரை ஏறியதற்கு நீதான் பொறுப்பு.

மழை பரவாயில்லை. ஊருணி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. தெருக்கோடியில் இருந்த பெரிய வீட்டைப் பங்காளிகள் ஒருவழியாகப் பேசி முடித்து இடிக்கக் கொடுத்துவிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூண்களெல்லாம் லாரி ஏறிக் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயாச்சு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக்கூட விடவில்லை, பெயர்த்துவிட்டார்கள். அந்தத் திண்ணையில் நாம் படித்த படிப்பை எவன் விலைக்கு வாங்கப் போகிறான், போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது நம்ம பட்டாளத்தான் விஷயமாக. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. முழுக்கதையும் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

அவன் இடது தொடைக்குள் 71 பாகிஸ்தான் சண்டையில் ஏறிய இரும்புத் துண்டு இன்னும் கிடக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. மழைக்காலத்தில் குத்துகிறது என்பான், நாமும் சிரித்துவிட்டுப் போவோம். போன வருஷம் முதுகுவலி என்று காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறான். அவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு படிவம் நீட்டுவார்களே, உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று. இவன் உண்டு என்று டிக் போட்டுவிட்டான். அந்த மெஷினே பெரிய காந்தம், உள்ளே இரும்பு இருந்தால் நகர்ந்து ரத்தக் குழாயைக் கிழித்தாலும் கிழிக்கும். அதனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். படத்தைப் பார்த்த பொண்ணு, "தாத்தா, பாக்கெட்டுல இருக்கிற சில்லறையை எடுக்கச் சொன்னேன்ல" என்றதாம். இவன் கட்டியிருந்தது வேட்டி. பாக்கெட் ஏது?

எம்.ஆர்.ஐ. நின்றுபோனது. இது எப்படி ஏறியது, அப்போது வைத்தியம் பார்த்த காகிதம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறான். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. மேற்கு முனையில் நின்றவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், 72-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்குக் கொடுத்தது எல்லாம் இருக்கிறது. அடிபட்டதற்கு மட்டும் ஒரு வரி எழுத்து எங்கேயும் இல்லை. மறுநாள் காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நீ ரெக்கார்டு கீப்பர்தானே, கண்டுபிடி" என்றான். முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை.

அவன் கேட்பது காயப் பதக்கம், வடக்கே பராக்ரம் பதக் என்பார்கள். வெள்ளை ரிப்பன், நடுவில் சிவப்புப் பட்டை. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவனுக்குத்தான் அது. வீரத்துக்கு இல்லை, தியாகத்துக்கு இல்லை, அடிபட்டதற்கு. இந்த ஒன்றுக்குத்தான் யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, காயம் இருந்தால் போதும் என்று அவன் நினைத்திருக்கிறான். காயம் இருந்தால் மட்டும் போதாது, காயத்துக்குக் காகிதம் இருக்க வேண்டும் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

நடந்ததை என்னிடம் விவரமாகச் சொன்னான். இத்தனை வருஷத்தில் இப்படி உட்கார்ந்து சொன்னதே இல்லை. பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கட் பக்கம், பசந்தர் ஆறு. டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை ஆற்றைக் கடந்துவிட்டது. பின்னாலேயே டாங்கி போகாவிட்டால் விடிந்ததும் அவர்கள் கதி அதோகதி. ஆனால் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கண்ணிவெடி. அதில் பாதை திறந்துவிடுவதுதான் இவனைப் போன்ற சாப்பர்களின், அதாவது ராணுவப் பொறியாளர் படைக்காரர்களின் வேலை. பாதை முழுசாகத் திறப்பதற்குள்ளேயே டாங்கிகள் உள்ளே இறங்கிவிட்டன. அந்தச் சண்டையில்தான் டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்ரபால் செத்துப் போய்ப் பரம்வீர் சக்ரா வாங்கியது. 21 வயது. நம்மைவிடச் சில மாதம் மூத்தவனோ இளையவனோ, அவ்வளவுதான். இவன் பாதை ஓரத்தில் அடையாள நாடா கட்டிக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டு பக்கத்தில் விழுந்திருக்கிறது. வலியே தெரியவில்லை, பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் போன மாதிரி இருந்தது, ஆற்றில் நனைந்த கால்தானே என்று நினைத்தேன் என்றான். 17-ந் தேதி ராத்திரி போர் நிறுத்தம். வேறு யூனிட்டில் காயம்பட்டவர்கள் கிடந்த வண்டியில் இவனையும் ஏறச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் ஊகம், கோளாறு அந்த வண்டியில்தான். யூனிட்டிலிருந்து காயம்பட்டவர் பட்டியல் மேலே போக வேண்டும். இவன் தானே நடந்து வண்டி ஏறியவன், யார் கணக்கிலும் வராமல் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியிலோ மற்ற யூனிட் ஆட்களோடு சேர்த்து, நம்பர் மாற்றி எழுதியிருப்பார்கள். எங்கள் கோர்ட்டில் நம்பர் மாறிப்போன கட்டு ஒன்று கிடைக்காவிட்டால், அது இருந்ததற்கே சாட்சி கிடையாது. முப்பது வருஷம் அந்தத் தூசிக்குள் இருந்தவன் சொல்கிறேன்.

பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். சம்பந்தப்பட்ட காலத்து மருத்துவ ஏடுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. பதக்கம் கேட்டு எழுதியதற்கு, காயம்பட்டதற்கு ஆவணம் இல்லை, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது என்று வேறு இடத்திலிருந்து பதில். இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் மாப்ளே. ஒருத்தர் அழித்துவிட்டேன் என்கிறார், இன்னொருத்தர் ஏன் இல்லை என்கிறார். ஆவணம் கேட்பதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். கேட்காமல் கொடுத்தால் ஊரில் தழும்பு உள்ளவனெல்லாம் வந்து நிற்பான். காலக்கெடு முடிந்ததை அழிப்பதும் தப்பில்லை, நானே அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன். ஆனால் எழுத வேண்டியதும் பாதுகாக்க வேண்டியதும் அவர்கள் வேலை. ரத்தம் ஒழுகக் கிடந்த இருபத்தொரு வயசுப் பையன் ரசீது கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவக் காப்பகம் தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. அதில் கோப்பை இழந்தவர்கள் அந்த ஊர்க் காயப் பதக்கமான பர்ப்பிள் ஹார்ட் கேட்டால் கூட இருந்தவர்களின் வாக்குமூலம், பழைய கடிதம் எல்லாம் கொடுத்துப் பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். அங்கே தீ, இங்கே கரையானும் காலக்கெடுவும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடினேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியதில் ஒன்று சிக்கியது. அங்க அடையாளத்தில் இடது தொடைத் தழும்பு என்று போட்டிருக்கிறது. 69-ல் ஆள் எடுத்தபோது எழுதிய தாளின் நகல் அவனிடமே இருந்தது. அதில் அடையாளம் இரண்டு மச்சம், தழும்பு இல்லை. ஆக, சேர்ந்தபோது இல்லாத தழும்பு வெளியே வரும்போது இருக்கிறது, எழுதியவர்களும் அவர்களே. இத்தனை வருஷம் பெட்டியில் கிடந்தும் அவன் பார்க்கவில்லை. சின்னக் குழந்தை மாதிரி அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

ஆனால் தழும்பு எப்படி வந்தது என்று அதில் இல்லை. மரத்திலிருந்து விழுந்தாலும் தழும்புதான். எக்ஸ்ரேயில் இரும்பு தெரிகிறது, தேதி தெரியாது. கூட இருந்தவர்களில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் உயிரோடிருக்கிறார், நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அபிடவிட் அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன். ஆனாலும் ஐம்பது வருஷம் கழித்துச் சிநேகிதன் கொடுக்கிற வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே எழுதிய எழுத்து ஒன்று வேண்டும்.

அதுதான் உன்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

72 பொங்கலை ஒட்டி ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு ஓர் இன்லாண்டு போட்டிருந்தான். ஊருணிப் படியில் உட்கார்ந்து நீ எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். தினமும் ஆப்பிள் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தான், அதைக் கேட்டு நாம் பொறாமைப்பட்டது உனக்கு நினைவிருக்கும். தொடையில் பட்டதையும் எழுதியிருந்தான். வீட்டுக்குச் சொல்லாதே, அம்மா அழும் என்று உனக்கு மட்டும் எழுதியது. வந்த கடிதம் எதையும் கிழிக்காதவன் நீ. தங்கச்சி எத்தனை தடவை பழைய பேப்பர்காரனுக்குப் போடப் பார்த்தும் அந்தப் பெட்டியை நீ விட்டுக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இடத்தின் பெயர் அதில் இருக்காது, எழுதவிட மாட்டார்கள். கவலையில்லை. மேலே வட்டமாகக் கள அஞ்சல் நிலைய முத்திரை இருக்கும், அதில் நம்பரும் தேதியும் இருக்கும். அந்த நம்பர் அப்போது எந்த இடத்துக்கு உரியது என்பதை ராணுவத் தபால்காரர்களால் சொல்ல முடியும். அனுப்பியவர் முகவரியில் ஆஸ்பத்திரி வார்டு ஏதாவது எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

அவனுக்கும் எனக்கும் இதில் ஒரு சண்டை. போர்க்காய ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கேள் என்கிறேன். மாட்டேன், பணத்துக்கு வந்தான் என்பார்கள் என்கிறான். எனக்கு இந்த ரோஷம் பிடிக்கவில்லை. உரிமை என்றால் இரண்டும் உரிமைதான். சட்டமும் என் பக்கம். மேல்முறையீடும் தள்ளுபடியானால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆறு மாதக் கெடு, இத்தனை காலத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வேண்டும். ஓய்வூதியம் என்றால் மாதாமாதம் தொடர்கிற குறை, தாமதத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம், நிலுவையை மட்டும் மூன்று வருஷத்துக்குக் கட்டுப்படுத்தலாம் என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதக்கத்துக்கு அந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம். பணத்தைக் கேட்டால் கதவு திறக்கும், அந்தக் கதவு வழியாகப் பதக்கத்தையும் கேட்கலாம். நீ போனில் பேசினால் கேட்பான், என் பேச்சு எடுபடவில்லை.

தீபாவளிக்கு வழக்கம்போல மகளைக் கட்டிக் கொடுத்த கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்விட்டான். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் யாரும் வெடி போடுவதில்லையே. பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வருஷா வருஷம் சொல்வான். பேத்திக்குக் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

கடிதம் கிடைத்தால் முதலில் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். அசலில் டேப் ஒட்டாதே, பின் அடிக்காதே, மடிப்பு கிழிந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடு. நகலில் கையெழுத்துப் போட்டு, இது எனக்கு வந்த கடிதம், இத்தனை நாளும் என் வசம் இருந்தது என்று ஒரு தாளும் எழுதி வை. அசலை நான் கேட்கும்போது அனுப்பினால் போதும். ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே ஸ்பீடு போஸ்ட்தான். மேல்முறையீட்டைத் தை பிறப்பதற்குள் போட்டுவிடப் பார்க்கிறேன், அதற்குள் பெட்டியை இறக்கிப் பார்த்துவிடு. நீ ஏணியில் ஏறாதே, பேரனை ஏறச் சொல்.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
தேவகோட்டைக்காரன்