பொரிக்கு ஒரு துணை

லீட்ஸ், இங்கிலாந்து,
23.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் நீங்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டீர்கள், எனக்கோ வாரத்தில் நாலு நாள் நைட் டியூட்டி. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முயல் விஷயம். இதை முழுசாகக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

செப்டம்பரில் எங்கள் ரெண்டு முயலில் பெட்டை மிளகு செத்துப்போனதைச் சொன்னேன் இல்லையா, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உடம்பை உடனே எடுத்துவிடாதீர்கள், இன்னொன்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றார் டாக்டர். அப்படியே துண்டில் வைத்தோம். அவள் ஜோடி பொரி முதலில் மோந்து பார்த்தான். அவள் காதை நக்கினான். பிறகு பக்கத்திலேயே முன்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான். ரெண்டு மணி நேரம் இருக்கும். அவனாகவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் எடுத்தோம். யாழினியோ நான் கூப்பிட்டாலும் வரவில்லை, தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவன் ஆள் மாறிவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பான். போட்ட புல் போட்டபடி கிடக்கும். முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் டியூட்டி முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் அவன் புழுக்கையைத்தான் எண்ணுவேன்.

இந்த ஊரில் முயலை ஒற்றையாக வளர்ப்பதைத் தப்பாகவே நினைக்கிறார்கள். ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்று விலங்குகளுக்கான சங்கம் ஒன்று 1824இலிருந்து நடக்கிறது. ஜோடியாக வையுங்கள், குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் இடம் கொடுங்கள் என்பது அவர்கள் சொல்வது. மன்னவனூர் பண்ணையிலிருந்து நீங்கள் வாங்கி வந்த ஒயிட் ஜெயண்ட் முயல்களுக்கு நாம் கட்டிய அறையை நினைத்துக்கொண்டேன். ரெண்டடிக்கு ரெண்டடிதான் இருந்திருக்கும். கொட்டகைக்குள் மழைச்சாரல் வராமல் சாக்குப் படுதா தொங்கவிட்டிருப்பீர்கள். அதுதான் நம்மால் முடிந்தது, அதைக் கவனமாகவே செய்தீர்கள்.

அக்டோபரில் காப்பகம் ஒன்றிலிருந்து டெய்ஸியைக் கூட்டிவந்தோம். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் தொங்கும். கருப்பை எடுத்து, தடுப்பூசியும் போட்டுத்தான் கொடுத்தார்கள். வயசாக ஆகப் பெண் முயலுக்குக் கருப்பையில் புற்று வருவது ரொம்ப அதிகமாம். பொரிக்குப் போன வருஷமே காயடித்தாயிற்று. காயடித்த பிறகும் ஆறு வாரம் வரைக்கும் குட்டி தங்க வைக்க முடியுமாம், அதுவரை பெட்டையோடு விடக்கூடாது என்கிறார்கள். உங்களுக்கு இது புதுசாக இருக்கும்.

பத்து நாள் அவளைத் தனியாக அடுக்களை ஓரத்தில் கம்பி அடைப்பில் வைத்தேன். நன்றாகப் பழகிவிட்டாள், தாடையைத் தேய்த்து மூலை முடுக்கெல்லாம் தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டாள். புதுசாக வந்தவள், அவளுக்குப் பழகிய இடமாக இருந்தால் பயப்படமாட்டாள் என்று நினைத்து, பொரியைத் தூக்கி அவள் அடைப்புக்குள் விட்டேன். அப்பா, கண் மூடித் திறப்பதற்குள் பாய்ந்துவிட்டாள். ஒன்றையொன்று சுற்றி ரெண்டும் உருண்டையாகி, அடைப்பு முழுக்க மயிர் பறந்தது. அவர் தோட்டக் கையுறையோடு ஓடிவந்து பிரித்தார். பொரியின் மூக்கில் ரத்தம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் குரல்தான் காதில். “பெட்டையைத் தூக்கிட்டுக் கெடாகிட்ட போ. கெடாவைத் தூக்கிட்டுப் பெட்டைகிட்ட போகாதே, கடிச்சு வச்சிரும்.” பத்து வயசிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெட்டை தன் கூண்டுக்குள் இன்னொருவரை விடாது என்று தெரிந்தும் எப்படி மறந்தேன்?

காப்பகத்துக்குப் போன் செய்தபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஒரு படி மேலே போய். ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டுமாம். யோசித்தால் சரிதான். நீங்கள் சேர்த்துவிட்டுச் சில நிமிஷத்தில் பெட்டையைத் திருப்பித் தூக்கி வந்துவிடுவீர்கள், அதற்குக் கெடாவின் கூண்டு போதும். இங்கே காலம் பூராவும் ஒரே இடத்தில் படுத்து எழ வேண்டுமே.

மறுபடி ஆரம்பித்தோம். அடைப்பை ரெண்டாகப் பிரித்து, நடுவில் கை விடும் அளவு இடைவெளி. தினமும் ஒருவர் படுத்த துணியை மற்றவருக்குப் போட்டேன், வாசனை பழகட்டும் என்று. நவம்பர் 5 ராத்திரி இங்கே வாணவேடிக்கை, நம்ம தீபாவளி மாதிரி வெடி. 1605இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்தவர்கள் பிடிபட்டதன் நினைவு நாள். பொரி பின்காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஜன்னலைச் சாத்தி ரேடியோவை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ரெண்டும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

மறுநாளிலிருந்து குளியலறை. வழுக்காமல் இருக்கப் பழைய ஜமுக்காளம், நடுவில் ஒரு குவியல் திமோத்தி புல். முதல் நாள் பத்து நிமிஷம், பிறகு இருபது. துரத்தினால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். மேலே ஏறுவதும் இருந்தது. அது யார் பெரியவர் என்பதற்கான சண்டை. காதைப் பின்னால் மடக்கி, தலைக்கு வால் வைத்துச் சுற்ற ஆரம்பித்தால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும், அதுவும் வெறுங்கையை நடுவில் விடாமல். நான் துடைப்ப முறத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எட்டாம் நாள். டெய்ஸி வந்து தலையைத் தரையோடு தாழ்த்தி, பொரியின் தாடைக்கு அடியில் செருகினாள். பணிந்துபோகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம், “என்னை நக்கிவிடு” என்று கேட்கிறதாம். பொரியும் தலையைத் தாழ்த்தினான். ரெண்டு நெற்றியும் ஜமுக்காளத்தில் ஒட்டிக்கொண்டு, ரெண்டு பேரும் காத்திருந்தார்கள். மூக்கு மட்டும் துடிக்கிறது. யாழினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பொரி லேசாகத் தலையைத் தூக்கி, அவள் கண்ணுக்கு மேலே ஒரே ஒரு தடவை நக்கினான். நிறுத்தினான். அப்புறம் அந்தத் தொங்கும் காதை அடி முதல் நுனி வரை நக்க ஆரம்பித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து நாளாக ஒரே அடைப்பில் இருக்கிறார்கள். புல் குவியல் காலையில் காலியாகிவிடுகிறது. இனி இவர்களைப் பிரிக்கக்கூடாது. ஒன்றுக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் டாக்டரிடம் ரெண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

நேற்று யாழினி கேட்டாள், தாத்தா வளர்த்த முயலெல்லாம் என்ன ஆச்சு என்று. கறிக்கு விற்றோம், அதில்தான் அம்மா நர்சிங் படித்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாத்தாவுக்கு அதில் எதையாவது ரொம்பப் பிடிக்குமா என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களே அவளுக்கு எழுதுங்கள் அப்பா. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

அன்பு மகள்,
செல்வி