எம்.சி.பி. விழுந்தால் பெரிய எம்.சி.பி. போடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்வாகனச் செய்திகளில் பேட்டரியும் மைலேஜும் விரிவாக வருகின்றன. வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜர் பாதியில் நின்றால் எதைப் பார்ப்பது என்பதுதான் கண்ணில் படுவதில்லை.

நின்றதும் கேட்க வேண்டியது, எந்த சுவிட்ச் விழுந்தது, எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்பது. போட்டவுடன் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) படாரென்று விழுந்தால் ஷார்ட். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் சூடு. உடனே 40 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 63 ஆம்பியர் போட்டுவிடுகிறார்கள். வயர் என்னவோ பழையதுதான், எம்.சி.பி. விழாது, வயர் வேகும். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் எம்.சி.பி., 6 சதுர மி.மீ. செம்பு வயர் என்பது வழக்கமான கணக்கு. தூரம் கூடினாலோ, ஒரே பைப்பில் பல வயர்கள் நெருக்கினாலோ 10 சதுர மி.மீ. வேண்டும்.

சூடு பல நேரம் பிறப்பது திருகில். சரியாக இறுகாத முனையில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 32 ஆம்பியரில் 102 வாட் வெப்பம். பெரிய சோல்டரிங் அயர்ன் ஒன்றைப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் எரியவிட்ட மாதிரி. மெயினை அணைத்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு மூடியைத் திறந்தால், பழுப்பேறிய இன்சுலேஷனும் கறுத்த செம்பும் காட்டிக் கொடுத்துவிடும். கருகிய முனையை மறுபடி முறுக்கிப் பயனில்லை. வயரைப் புதுச் செம்பு வரை வெட்டி, இழை வயரானால் லக் என்ற உலோக முனையை அடித்து, கருகிய டெர்மினலையும் மாற்ற வேண்டும்.

விழுவது ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) என்றால் அது கசிவு. வண்டியில் கன்னை (சார்ஜர் கேபிளின் கைப்பிடி முனை) செருகாமலே விழுந்தால் வயரையோ பெட்டியையோ பாருங்கள். செருகிய பிறகு மட்டும் விழுந்தால் கன்னுக்குள் தண்ணீர், கேபிளில் கீறல், அல்லது வண்டிக்குள் இருக்கும் சார்ஜர். (ஏசியை டிசியாக்கும் அசல் சார்ஜர் அதுதான், சுவரில் இருப்பது காவல்காரன்.) ஏசி கசிவை மட்டும் உணரும் ‘ஏசி’ வகை ஆர்.சி.சி.பி. இங்கே ஆகாது, டிசி கசிவு கலந்தால் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜரிலேயே இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ‘ஏ’ வகை போதும், இல்லையென்றால் டிசி கசிவையும் உணரும் ‘பி’ வகை.

கடைசியாக, சார்ஜரில் எர்த் கோளாறு காட்டும் சிவப்பு விளக்கு. துருப்பிடித்த எர்த் கம்பியும் மல்டிமீட்டரில் முழு வோல்ட்டேஜ் காட்டும், ஏனெனில் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. எர்த் பாதையில் கரண்ட் ஓடவிட்டுத் தடையை அளக்கும் எர்த் லூப் டெஸ்டர் வைத்துத்தான் உண்மை தெரியும். சிலர் பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்து சார்ஜ் ஏறும். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், வண்டியின் பாடி முழுக்க கரண்ட்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்