இடத்தைக் கண்டு எழும் அச்சம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரை, மூளையில் அமிக்டலா என்னும் பகுதியே அச்சத்தின் இருப்பிடம் என்று கூறியிருந்தது. பள்ளியில் உயிரியல் கற்பித்தவள் என்ற முறையிலும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத் தெருக்களுக்குத் திரும்ப முடியாமல் தவித்த பலரை அறிந்தவள் என்ற முறையிலும், அது பாதி உண்மைதான் என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

எலியைக் கூண்டில் விட்டு, ஓர் ஒலியை எழுப்பி, அதனோடு காலில் இலேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், பின்னர் அது அந்த ஒலியைக் கேட்டாலும் அசையாமல் உறைந்துவிடும். ஒலியே இல்லாமல் அதே கூண்டில் விட்டாலும் உறைந்துவிடும். 1992-இல் பிலிப்ஸ், லெடூ என்னும் மூளை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமிக்டலா சிதைக்கப்பட்ட எலிகளிடம் இவ்விரண்டு அச்சங்களுமே உருவாகவில்லை. மூளையின் மற்றொரு பகுதியான ஹிப்போகேம்பஸ் சிதைக்கப்பட்டவற்றிடமோ ஒலிக்கான அச்சம் இருந்தது, இடத்துக்கான அச்சம் மட்டும் இல்லை. ஓர் இடம் என்பது தனி ஒரு பொருள் அன்று. உப்புக்காற்று, அலையோசை, கருவாட்டு வாசம், குருசடிக்கு (சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடம்) அப்பால் தெரியும் நீர்ப்பரப்பு ஆகிய அனைத்தையும் ஒரே சூழலாக இணைத்துத் தருவது ஹிப்போகேம்பஸ். அச்சூழலோடு ஆபத்தைப் பிணைப்பது அமிக்டலா. அமிக்டலாவை 'அச்ச மையம்' என்று அழைப்பது தவறான புரிதலைத் தருகிறது என்று லெடூவே பின்னாளில் வலியுறுத்தியுள்ளார்.

அதே 1992-இல் கிம், பேன்சலோ என்னும் ஆய்வாளர்கள், பயிற்சிக்கு மறுநாள் ஹிப்போகேம்பஸைச் சிதைத்தால் இட அச்சம் மறைவதையும், 28 நாள் கழித்துச் சிதைத்தால் அது நிலைத்திருப்பதையும் காட்டினர். நாளடைவில் அந்நினைவு ஹிப்போகேம்பஸை மட்டும் நம்பியிராமல் வேறிடங்களிலும் ஊன்றிவிடுகிறது. எலிகளில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாதுதான். ஆயினும் "நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இனிமேல்தான். தணிந்த அச்சம் பெரும்பாலும் அழிந்த அச்சம் அன்று. மூளையின் முன்பக்கத்தில் உள்ள முன்னெற்றிப் புறணியின் உட்புறப் பகுதி, இப்போது ஆபத்தில்லை என்னும் புதிய பாடத்தைக் கற்று, அமிக்டலாவை அடக்கிவைக்கிறது. அந்தப் புதிய பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது: வேறொரு கூண்டில் தணிந்த அச்சம் பழைய கூண்டுக்குத் திரும்பியதும் மீண்டும் தலைதூக்குவதை உளவியல் ஆய்வாளர் மார்க் பௌட்டன் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நாகர்கோவிலில் ஓர் ஆலோசனை அறையில் அமைதியாகப் பேசிய பெண், சுனாமி அடித்துச் சென்ற பாலம் இருந்த மணக்குடியில் கால் வைத்ததும் உடல் நடுங்குவது இதனால்தான். அவரை மனத்திடம் இல்லாதவர் என்று உறவினர்கள் ஏசுவதைக் கேட்டு மிகவும் வருந்தியிருக்கிறேன். 2017-இல் ஒக்கிப் புயலில் உயிர்தப்பிய தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களுக்கு அச்சமூட்டும் இடம் கரை அன்று, ஆழ்கடலும் விசைப்படகும். அவர்களுக்கான உதவியும் அதற்கேற்ப வேறாகத்தான் அமைய வேண்டும்.

ஆகவே மாவட்ட மனநலக் குழுவினரும் தேவாலயங்களின் பங்குப் பேரவைகளும் இணைந்து, பாதிக்கப்பட்டவரின் முழு ஒப்புதலோடு, பயிற்சி பெற்றவர் துணையிருக்க, அச்சத்தைத் தணிக்கும் இந்த உதவியைக் கடற்கரையிலேயே படிப்படியாக வழங்க வேண்டுகிறேன். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற எச்சரிக்கை உணர்வை மட்டும் யாரிடமிருந்தும் போக்கிவிடக் கூடாது. ஆனி, ஆடிக் கடல்சீற்றம் ஓய்ந்தபின் தொடங்குவது நல்லது. ஆனால் அமைதியான கடலோடு நிறுத்திவிட்டால் கற்ற பாடமும் அமைதியான கடலோடு நின்றுவிடக்கூடும் என்பதால், காலை, மாலை, இரைச்சல் மிகுந்த நாள் எனப் பல வேளைகளிலும் பாதுகாப்பான தொலைவில் நின்று அதைத் தொடர வேண்டும். டிசம்பர் நினைவு நாளையொட்டித் தாங்கள் வெளியிடும் கட்டுரைகளில் இதற்கும் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.