பள்ளி நேரம் முடிந்த பிறகு மாணவர்களை நிறுத்திவைத்தால் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
கொருக்குப்பேட்டை, சென்னை.
(பெயர், முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவை தனி உறையில் உள்ளன.)

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: மாலையில் கடைசி மணிக்குப் பிறகு மாணவ மாணவியரைத் தண்டனையாக நிறுத்திவைப்பது குறித்து எல்லாப் பள்ளிகளுக்கும் தெளிவான சுற்றறிக்கை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு ஒரு பக்கம் எங்கள் வீடு. மறுபக்கம், தண்டையார்பேட்டையை ஒட்டி, என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. 4.10க்குக் கடைசி மணி அடிக்கும். 4.45க்கு வீட்டில் இருப்பாள். கேட் மூடியிருந்தால் ஐந்து மணி ஆகும். நான் ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் அவர் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. ஆகவே மாலையில் வீட்டில் இருப்பவர் 68 வயதான என் மாமியார் மட்டுமே. பேத்தி வந்துவிட்டாள் என்று எனக்குப் போன் செய்து சொன்ன பிறகுதான் அவர் அடுப்பில் தேநீர் வைப்பார். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு வழக்கம் இது.

கடந்த நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய போன் 5.05க்கு வந்தது. பேத்தி வந்துவிட்டாள் என்று சொல்வதற்காக அல்ல, இன்னும் வரவில்லை என்று சொல்வதற்காக.

பள்ளி அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது, எடுக்க ஆளில்லை. வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஆசிரியர்கள் மட்டுமே எழுத முடியும். பெற்றோர் படிக்கலாம், கேள்வி கேட்க வழியில்லை. மகளோடு சேர்ந்து வரும் இன்னொரு மாணவியின் தாயை அழைத்தேன். காசிமேட்டில் மீன் விற்பவர் அவர். கூடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் தன் பெண்ணைத் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் ஓடினோம்.

என் மாமியார், முழங்கால் வலியோடு, கேட் வரை நடந்து போயிருக்கிறார். அந்நேரம் ஒரு நீண்ட சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அவர் குனிந்து, ஓடும் பெட்டிகளின் சக்கரங்களுக்கு இடையே, மறுபக்கம் காத்து நிற்பவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார், வெள்ளைக் காலுறையும் கறுப்பு ஷூவும் எங்காவது தெரிகின்றனவா என்று. இதை அவர் என்னிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொல்லும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. மழைக்காலம் வேறு. தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி, எங்கே பள்ளம், எங்கே மூடியில்லாத கால்வாய் என்று பெரியவர்களுக்கே தெரியாத நாட்கள் அவை. என் மகள் வீட்டுப் படியேறியபோது மணி 6.50.

நடந்தது இதுதான். கணக்குப் பயிற்சியை முடிக்காத ஆறு மாணவிகளை இரண்டாம் மாடி வகுப்பறையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். முடித்த பிறகே போகலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவரும் கூடவே இருந்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கழிப்பறையைக் கழுவிப் பூட்டிவிட்டுத் துப்புரவுப் பணியாளர் 4.30க்கே போய்விட்டார். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வளரும் பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வதை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பகல் 12.40க்குச் சாப்பிட்ட பிள்ளைகள் அதன் பிறகு எதுவும் சாப்பிடாமல் 6.10 வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று இரவு மகளின் பள்ளி நாட்குறிப்பேட்டைத் திறந்தேன். 'பெற்றோர் கவனத்திற்கு' என்ற பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "வீட்டுப்பாடம் முடிக்காததால் மாலையில் நிறுத்திவைக்கப்பட்டாள். பெற்றோர் கையொப்பம் தேவை." எந்தப் பிள்ளையைக் காணோம் என்று நான் தெருத் தெருவாக ஓடினேனோ, அவளைப் பற்றிய தகவல் அவள் பையிலேயே இருந்தது. அவள் வந்தால்தான் தகவலும் வரும். அவள் வராமல் போயிருந்தால்?

மறுநாள் பள்ளிக்குச் சென்று, எந்த விதியின்படி இப்படி நிறுத்திவைக்கிறீர்கள் என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "எங்கள் பள்ளியில் டிடென்ஷன் கிடையாது, எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சிதான்" என்றார். அவர் சொன்னது வேறு டிடென்ஷன், அதாவது ஒரு பிள்ளையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பது. அதைப் பற்றிக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பேசுகிறது. 2019இல் அது திருத்தப்பட்டு, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளிக்கப்பட்டபோதும், தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. அது நல்ல முடிவு. எங்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பிள்ளையை ஓராண்டு நிறுத்துவதற்குச் சட்டமும் விவாதமும் அரசாணையும் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் நிறுத்துவதற்கு ஒரு போன் அழைப்புகூட இல்லை என்பதுதான் என் வேதனை.

சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. அதற்கும் முன்பே, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு, பிரம்படி தடைசெய்யப்பட்டது. உடல்ரீதியான தண்டனை எதுவென்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தன் வழிகாட்டுதல்களில் விளக்கும்போது, அடிப்பது, கிள்ளுவது, முட்டிபோட வைப்பது ஆகியவற்றோடு, வகுப்பறையிலோ நூலகத்திலோ கழிப்பறையிலோ பள்ளியின் வேறு மூடிய இடத்திலோ பிள்ளையை அடைத்துவைப்பதையும் சேர்த்திருக்கிறது. அந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் பள்ளிக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. அதன்பிறகு பிரம்பை எடுக்கப் பள்ளிகள் அஞ்சுகின்றன. மாலையில் நிறுத்திவைப்பதும் அதே பட்டியலுக்குள் வரக்கூடும் என்பது பல பள்ளிகளுக்குத் தெரியவில்லை. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட கைக்குக் கடிகாரம் கிடைத்திருக்கிறது.

அந்த ஆசிரியையின் மீது நடவடிக்கை எடுக்கக் கோரி இம்மனுவை நான் எழுதவில்லை. பள்ளியின் பெயரை மனுவில் குறிப்பிடாமல் தனி உறையில் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆறு பேர் பின்தங்கிவிடக் கூடாது என்று தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். பாடத்தில் அவர் காட்டிய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. அவர் கையில் ஒரு விதி இருந்திருந்தால் அன்று ஆறு வீடுகளுக்கு ஆறு அழைப்புகள் போயிருக்கும். எங்கள் கைபேசி எண்கள், மாணவர் விவரங்களைத் துறை பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் இருக்கின்றன, வகுப்பாசிரியர்களிடமும் இருக்கின்றன. பிள்ளை ஒருநாள் வரவில்லை என்றால் காலையிலேயே என்னிடம் விசாரிக்கிறார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, பள்ளியை விட்டுப் போகாத பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் முடியும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன. அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. ஏன் என்றால், முன்னதாகவே சீட்டு வருகிறது, எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கிறது, நாங்கள் கையொப்பமிட்டு அனுப்புகிறோம், அன்று டப்பாவில் கூடுதலாகச் சுண்டலோ பிஸ்கட்டோ வைக்கிறோம். யாராவது கேட்டருகே போய் நின்று அழைத்து வருகிறார்கள். நன்றாகப் படிக்க வைப்பதற்கு எங்களைக் கேட்கிறவர்கள், தண்டிப்பதற்கு ஏன் கேட்பதில்லை?

என் தொழில் சார்ந்த ஒன்றையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் அச்சகத்துக்குப் பள்ளி நாட்குறிப்பேடுகள் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் விதிமுறைப் பக்கங்களை நானே எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். ரிப்பனின் நிறம் இருக்கிறது. நகப்பூச்சு கூடாது என்று இருக்கிறது. கட்டணம் தாமதமானால் என்ன செய்வார்கள், பிறந்தநாளன்று எந்த மிட்டாய் கொண்டுவரலாம் என்பதெல்லாம் இருக்கின்றன. தாமதமாக வந்த நாட்களைக் குறிக்க ஒரு பக்கம், விடுப்புக்கு ஒரு பக்கம். மாலையில் பிள்ளையை நிறுத்திவைப்பது பற்றி ஒரு வரியை நான் இதுவரை திருத்தியதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வரியே வந்ததில்லை. எழுதப்படாத விதிக்குள் அடங்கி நடக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம். கேள்வி கேட்க நினைக்கும் பெற்றோர் எந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்பது?

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது, மாவட்டத்தின் அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும், தனியார் பள்ளிகள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரு சுற்றறிக்கை. தண்டனையாக நிறுத்திவைப்பது மேற்சொன்ன வழிகாட்டுதல்களுக்குள் வருகிறதா, வீட்டுப்பாடத்தை முடிக்க வைப்பதற்கும் அடைத்துவைப்பதற்கும் கோடு எங்கே என்பதைத் துறையே முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் கடைசி மணிக்குப் பிறகு ஒரு பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய நாளே பெற்றோருக்குத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்று விட்டுவிட வேண்டாம் என மிகவும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் படிக்கத் தெரியாத பாட்டிமார்களும்தான் போனை எடுப்பவர்கள். குரலில் சொல்ல வேண்டும், அவர்கள் "சரி" என்று சொல்லக் கேட்க வேண்டும். அழைத்துப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை என்றால், பிள்ளையை வழக்கமான நேரத்தில், வழக்கமாக உடன் போகும் தோழிகளோடு அனுப்பிவிட வேண்டும். முடிக்காத கணக்கை மறுநாள் உணவு இடைவேளைக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கணக்கு எங்கும் போய்விடாது.

நிறுத்திவைக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் எதற்கும் தேவையிருக்காது என்பது என் எண்ணம்; மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் அதுவும் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வரை கழிப்பறை திறந்திருக்க வேண்டும், குடிநீர் இருக்க வேண்டும், அலுவலகப் போனை எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். யாரை, எந்த நாளில், எத்தனை மணி வரை, என்ன காரணத்துக்காக நிறுத்திவைத்தார்கள், வீட்டில் யாரிடம் பேசினார்கள் என்பது ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அக்குழுக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை வைத்தால் போதும், பெரும்பாலான சிக்கல்கள் தங்கள் அலுவலகம் வரை வராது. வரும் கல்வியாண்டின் நாட்குறிப்பேடுகளில் இதற்கென ஒரு பக்கம் சேர்க்கவும், 14417 (கல்வி உதவி), 1098 (குழந்தைகள் உதவி) ஆகிய தொலைபேசி எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் தமிழில் எழுதிவைக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். நாட்குறிப்பேடுகள் ஏப்ரலில் அச்சுக்குப் போய்விடும். அதற்குள் சுற்றறிக்கை வந்தால் நல்லது.

சம்பவத்துக்குப் பிறகு என் மகள் ஒருநாளும் வீட்டுப்பாடத்தை முடிக்காமல் பள்ளிக்குப் போனதில்லை. அதைத் தண்டனையின் வெற்றி என்று பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடும். இரவு பதினோரு மணிக்கு எழுந்து, கணக்கு நோட்டைப் பையில் வைத்துவிட்டோமா என்று அவள் தடவிப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமியார் இப்போது நாலரை மணிக்கே கேட்டருகே போய் நின்றுவிடுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

அந்த நாட்குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை இம்மனுவோடு இணைத்திருக்கிறேன். பெற்றோர் கையொப்பத்துக்கான இடம் காலியாக இருப்பதைத் தாங்கள் காணலாம். முன்னதாக என்னைக் கேட்டிருந்தால் இட்டிருக்க வேண்டிய கையொப்பம் அது. தங்கள் சுற்றறிக்கை வரும் வரை அதில் கையெழுத்திடுவதில்லை என்று பள்ளியிடம் பணிவோடு சொல்லியிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நேரில் வரச் சொன்னால், அன்று நிறுத்திவைக்கப்பட்ட மற்ற மாணவிகளின் தாய்மார்களில் மூவர் என்னோடு வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்,
கொருக்குப்பேட்டை, சென்னை.