உட்கார்ந்தாடும் கைப்பந்துக்குக் கைகொடுத்த சுங்கை சிப்புட் மக்களுக்கு

வணக்கம்.

நம் ஊர் டேவானில் (பொது மண்டபத்தில்) உட்கார்ந்தாடும் கைப்பந்து, அதாவது கால் இழந்தவர்களும் கால் முடியாதவர்களும் தரையில் உட்கார்ந்தபடி ஆடும் கைப்பந்து, நடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் யார் யார் உழைப்பு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி டேவான் காப்பாளர் ஐயாவுக்கு. பூப்பந்துத் திடலின் மேலேயே எங்கள் கோடுகளைப் போட விட்டார். இந்த ஆட்டத்துக்கு 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் வேண்டும். பூப்பந்து இரட்டையர் திடல் 6.10 மீட்டர் அகலம் என்பதால், இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி டேப் ஒட்டினால் முடிந்தது. வலையிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கும் பூப்பந்து சர்வீஸ் கோட்டையே பயிற்சியில் 2 மீட்டர் தாக்குதல் கோடாக (முன்பகுதியைப் பிரிக்கும் கோடாக) வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐயா செய்யும் பெரிய உதவி வேறு. ஒவ்வொரு முறையும் தரையை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் கதவைத் திறப்பார். உட்கார்ந்தபடி இழுத்து நகர்பவருக்கு ஒரு மணல் துகள் போதும், தோல் உரிந்துவிடும். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளங்கை வழுக்கும். அந்தச் சறுக்கல் நேரே தோள்பட்டையில் போய் இறங்கும்.

வெல்டிங் பட்டறை அண்ணன் கம்பங்களில் வலையின் இரண்டு உயரத்துக்கும் துளை போட்டுக் கொடுத்தார்: ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. வலையைக் கட்டும் நைலான் கயிறு ஆட்டம் நடக்க நடக்கத் தொய்ந்துபோகும். தொய்ந்த வலையில் பழகிய கை போட்டியில் பந்தை வலையிலேயே அடிக்கும். அவர் கட்டிய இரும்பு வடம் அசையவில்லை.

தையல்கார அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த முதல் கால்சட்டைகள் விதிப்படி செல்லாது. தடித்த துணியும் மெத்தையும் கூடாது. முகம் கோணாமல் அத்தனையையும் பிரித்தார். திரும்பத் தைத்தபோது மடிப்பு உட்காரும் இடத்தில் வராமல் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். புண்ணுக்கு மூலமே அந்த மடிப்புதான்.

கிளினிக் தாதி கற்றுக்கொடுத்தது இரண்டு. இனிப்புநீரால் காலை இழந்தவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைவு, புண் வந்தால் வலிக்காது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றி வைத்தால் துண்டிக்கப்பட்ட காலின் முனை வீங்கும், பிறகு மாட்டப்போனால் ஏறாது. கழற்றிய உடனே அழுத்தக் கட்டுப் போட்டுவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா இல்லையென்றால் ஆட்டமே இல்லை. பந்தைத் தொடும் நேரத்தில் பிட்டம் தரையில் இருக்க வேண்டும். ஸ்மாஷ் அடிக்கும்போது எழும்புவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அது அடிக்கிற கையின் குறையல்ல என்று கண்டுபிடித்தவர் அவர். பந்துக்கு அடியில் போய்ச் சேராமல் எட்டி அடிப்பதால்தான் உடம்பு கிளம்புகிறது. அதனால் பந்தே இல்லாமல், கைகளால் தள்ளித் தள்ளி நகரும் பயிற்சியைப் பொறுமையாகச் செய்ய வைத்தார். இந்த ஆட்டத்தில் சர்வீஸையே வலையோரம் தடுக்கலாம் என்பதால், தாழ்வாகத் தட்டையாகப் போடும் பழக்கத்தையும் மாற்றினார்.

கடைசியாக வேன் அண்ணன். அவர் செய்வதைச் சொல்லுமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரானின் உட்கார்ந்தாடும் கைப்பந்து வீரர் மொர்தேசா மெஹர்சாத் 2.46 மீட்டர் உயரம். பதின்ம வயதில் இடுப்பெலும்பு முறிந்து வலது கால் வளராமல் நின்றுபோக, வெளியே தலைகாட்டாமல் வீட்டோடு கிடந்தவர். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த ஒரு பயிற்றுநர் அழைத்துவந்தார். ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்று பாராலிம்பிக்கிலும் ஈரான் அணியோடு தங்கம் வென்றார். நம் தோட்டத்து லயங்களிலும் விபத்துக்குப் பிறகு வாசல் தாண்டாதவர்கள் இருந்தார்கள். அண்ணன் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசி, தூக்கி ஏற்றி, இரவு பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறார். எண்ணெய்க் காசுகூட வாங்குவதில்லை. நம்பி அனுப்பிய அந்த அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி.

வேனில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. உங்கள் லயத்தில் யாராவது வீட்டோடு இருந்தால் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உட்கார்ந்தாடும் கைப்பந்துப் பயிற்சிக் குழுவினர்
சுங்கை சிப்புட், பேராக்