கோர்ஸ்மேட்டை இழந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழாமல் பேசினாய். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். மலைப்பாதையில் வண்டி உருண்டுவிட்டது, பட்டாளப் பயிற்சியில் உன்னோடு ஒரே பேட்ச்சில் இருந்த கோர்ஸ்மேட் போய்விட்டான், வியாழக்கிழமை நினைவுக் கூட்டம், யூனிட்டின் தலைமை அதிகாரி சி.ஓ. உன்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார், என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இவ்வளவுதான் சொன்னாய். வைக்கப்போகும் நேரத்தில், "சண்டையில் சாகவில்லையே, விபத்துதானே" என்று யாரோ சொன்னதையும் சொன்னாய். அந்தப் பேச்சு என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. போனில் ஆரம்பித்தால் கோபம்தான் முன்னால் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அதையே முடித்துவிடுவோம். பட்டாளத்தில் சாவு எத்தனையோ வழியில் வருகிறது. குண்டில் வரும், பனிச்சரிவில் வரும், காய்ச்சலில் வரும், பயிற்சி மைதானத்தில் வரும், வளைவில் பிடிக்காத பிரேக்கில் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேரைக் கொன்றது நோய். கிரிமியப் போரிலும் பிரிட்டிஷ் படையில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியானவர்கள்தான் அதிகம். அவர்களையெல்லாம் சிப்பாய்க் கணக்கிலிருந்து யாராவது கழித்தார்களா?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியது. போர்க் காலமாக அவர்கள் வகுத்த ஆண்டுகளுக்குள் பணியில் இருந்து இறந்தவர் என்றால் போதும். 1918-இன் ஃப்ளூ காய்ச்சலில் போனவருக்கும் அதே கல், பீரங்கிக் குண்டில் போனவருக்கும் அதே கல். ஜெனரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் உயரத்தில்கூட வித்தியாசம் கிடையாது. படைப்பிரிவின் சின்னம், பெயர், பதவி, இறந்த தேதி, வயது இருக்கும். வீட்டார் விரும்பினால் கீழே அவர்கள் சொன்ன ஒரு வரியும் இருக்கும். எப்படி இறந்தார் என்பதற்கு அந்தக் கல்லில் தனி வரி இல்லை. அதை வகுத்தவர்கள் இதை நன்றாக யோசித்துத்தான் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

உன் நண்பன் மலைமேல் இருக்கும் காவல் போஸ்ட்டுக்குச் சாமான் கொண்டுபோன வண்டியில் இருந்தான். அந்த வண்டி போகவில்லை என்றால் மேலே இருப்பவர்களுக்கு அடுப்பு எரியாது. அது போதும். இனி யாராவது கேட்டால் விவாதம் செய்யாதே. "டியூட்டியில் இறந்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

சடங்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது பாதி பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நிற்பார்கள், மலர்வளையம் வைப்பார்கள், பியூகிள் ஊதுவார்கள். உடம்புக்கு ஒரு வேலை இருக்கும்போது மனது ஓரளவு நிற்கும். எங்கே நிற்பது, எப்போது சல்யூட், எப்போது கையை இறக்குவது என்று எல்லாம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் எதையும் யோசித்து முடிவெடுக்கத் தேவையில்லாதபடி யாரோ எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு அது. நான் பட்டாளத்தில் மதித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

லாஸ்ட் போஸ்ட் என்ற அந்தப் பியூகிள் இசையை ஊதும்போது மட்டும் கொஞ்சம் கவனமாக இரு. அங்கேதான் எல்லாருக்கும் உடையும். தொடக்கத்தில் அது சாவுக்கான இசையே அல்ல, உனக்கும் தெரியும். முகாமில் தினமும் ராத்திரி ஊதும் அழைப்பு. காவல் நிலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்தாயிற்று, எல்லாம் பத்திரம், இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். அதைப் புதைகுழிப் பக்கத்தில் ஊதும்போது, "உன் காவல் முடிந்தது, நீ படு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவனிடம் சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கும். பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்து மெனின் கேட் வளைவில் 1928-லிருந்து அதைத் தினமும் இரவு எட்டு மணிக்கு ஊதுகிறார்கள். முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. நம் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அங்கே ஊத முடியவில்லை. 1944 செப்டம்பரில் போலந்துப் படை ஊரை மீட்டது. ஊரின் மறுபக்கம் சண்டை இன்னும் ஓயாதபோதே அன்று சாயங்காலம் பியூகிளை எடுத்துக்கொண்டு வந்து ஊதிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்போது உன் பேச்சு. ஐந்து நிமிடம் என்றாய். தாராளம்.

வீரம், தியாகம், கடமை எல்லாம் சி.ஓ. சொல்லிவிடுவார். அவர் சொல்ல வேண்டியது அது, தப்பில்லை. ஆனால் அந்தச் சொற்கள் யாருக்கும் பொருந்தும். உன்னை எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், நீ அவனோடு ஒரே வரிசையில் நின்றவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவன் எப்படி இருந்தான் என்று உனக்குத் தெரியும். அவனுடைய அம்மா அப்பாவுக்கே தெரியாத சில வருடங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. அதைக் கொடுத்துவிட்டு வா.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீ சின்ன வயதில் "வயர்லெஸ் மாமா" என்று கூப்பிடுவாயே, அவர் இறந்தபோது அவரைப் பற்றி எங்கள் யூனிட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் துணிச்சல்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். கடுங்குளிரில் வயர்லெஸ் செட்டின் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் ராத்திரி ரோந்துக்குக் கிளம்பும்போது உபரி பேட்டரியைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள்ளே, வயிற்றை ஒட்டி வைத்துக்கொள்வார். நெஞ்சுப் பக்கம் வைத்தால் பட்டை அழுத்தும் என்பார். நடந்து நடந்து அந்த இடத்தில் தோல் சிவந்து தடித்திருக்கும். செட்டில் பேசும்போது எங்கள் செய்தியின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வார். விதிப்படி அது தேவையே இல்லை. இருட்டில் தனியாக இருக்கும் போஸ்ட்டுக்கு, கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் ஒருவன் இருக்கிறான் என்று தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். இதைச் சொன்னபோது பின்வரிசையில் நின்ற ஒரு ஹவில்தார் வாய்விட்டு அழுதார். அந்தப் போஸ்ட்டில் இருந்தவர் அவர்.

உன் நண்பனிடமும் இப்படி ஏதாவது இருக்கும். ஷூ லேஸ் கட்டும் விதம், யாருக்காவது விட்டுக்கொடுத்த லீவு, ஓட்டத்தில் கடைசியாக வருபவனோடு சேர்ந்து மெதுவாக ஓடியது, எதுவானாலும் சரி. ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு அதை முழுசாகச் சொல். அவன் முன்கோபக்காரன் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அதையும் மறைக்க வேண்டாம். அவனை அறிந்தவர்கள் அங்கே நிற்பார்கள். கோபமே வராத ஒருவனைப் பற்றிப் பேசினால் அது வேறு யாரோ என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அவன் சாமான்களைக் கட்டும் வேலையும் உங்கள் பேட்ச்சுக்கே வரும் என்று நினைக்கிறேன். வந்தால் தட்டிக்கழிக்காதே. அரசாங்கச் சாமான் ஒரு பக்கம், சொந்தச் சாமான் ஒரு பக்கம் என்று பிரித்து, பட்டியல் எழுதி, கூட இருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வயர்லெஸ் மாமாவின் டிரங்குப் பெட்டியை நாங்கள்தான் கட்டினோம். பாதி எழுதிய கடிதம், காது உடைந்த மூக்குக்கண்ணாடி, மகன் வரைந்து அனுப்பிய யானை, பாதி தீர்ந்த பற்பசை. பற்பசையையும் எழுதுவதா என்று ஒருவன் கேட்டான். எழுது என்றார் சுபேதார். ஒரு ஸ்வெட்டர் அழுக்காக இருந்தது. துவைத்துக் காயவைத்து அனுப்பலாம் என்று நான் எடுத்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கி அப்படியே மடித்து உள்ளே வைத்தார். "அந்த வாசனை வீட்டுக்குப் போகணும்" என்றார். பல வருடம் கழித்து மாமாவின் மனைவி உன் அம்மாவிடம் சொன்னாராம், அந்த ஸ்வெட்டரை ரொம்ப நாள் துவைக்கவே இல்லை என்று. அதனால் சொல்கிறேன், எதையும் சுத்தம் செய்து அனுப்பாதே.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை 1982-இல் திறந்தார்கள். அதை வடிவமைத்த மாயா லின், தேர்வானபோது 21 வயது மாணவி. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களை அகரவரிசையில் போடாமல், வீழ்ந்த தேதி வரிசையில் போட வைத்தார். தேடுவது கஷ்டம் என்று சிலர் எதிர்த்தார்கள். ஆனால் அகரவரிசையில் போட்டிருந்தால் ஸ்மித் என்ற பெயரே நூற்றுக்கணக்கில் அடுக்காக நின்றிருக்கும், யார் எவர் என்றே தெரியாது. இப்போது ஒரு பழைய சிப்பாய் அங்கே போனால், அந்த ஒரு நாளில் தன்னோடு இருந்து வீழ்ந்தவர்களை ஒரே இடத்தில் பார்க்கிறார். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். கூடப் பணியாற்றியவனின் மனசு தெரிந்த ஏற்பாடு அது. உன் நண்பனோடு அந்த வண்டியில் டிரைவரும் இருந்தார் என்றாய். பேசும்போது அவர் பெயரையும் சொல். ஆபீசருக்கு ஒரு கூட்டம், டிரைவருக்கு ஒரு வரி என்று ஆகிவிடக் கூடாது.

நம் ஆட்களுக்கும் இது புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் தமிழ் பிராமியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசன் இல்லை அவன். யாரோ கூட நின்றவர்கள் நட்டிருக்கிறார்கள்.

அவன் வீட்டாரிடம் பேசுவதுதான் உனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும். அவனுடைய அம்மா பெரிய கேள்வி எதுவும் கேட்க மாட்டார். அன்று சாப்பிட்டானா, குளிருக்குப் போட்டிருந்தானா, கடைசியாகக் கூட யார் இருந்தார்கள், இதைத்தான் கேட்பார். தெரிந்ததைச் சொல். தெரியாததை ஆறுதலுக்காகக் கட்டிச் சொல்லாதே. "வலியே தெரிந்திருக்காது" என்று நீ பார்க்காததைச் சொன்னால், பிறகு ஒருநாள் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள், அவர் உன்னை மறுபடி நம்ப மாட்டார். விசாரணை நடப்பதால் சொல்லக் கூடாதது இருந்தால், "அதை இப்போது சொல்ல முடியாதம்மா" என்று நேராகவே சொல்லிவிடு. "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. யாரும் கூப்பிட மாட்டார்கள். நீ கூப்பிட வேண்டும். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பென்ஷன் காகிதம், காப்பீட்டுப் படிவம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது பட்டாளத்து வழக்கம் தெரிந்த ஒரு குரல் தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. யார் எப்போது டியூட்டிக்குப் போவது என்ற ரோஸ்டரில் அன்று உன் பெயர்தான் முதலில் இருந்தது என்று மெல்லிய குரலில் சொன்னாய். அதற்குப் பதில் சொல்லாமல் நான் பேச்சை மாற்றியது வேண்டுமென்றேதான். போனில் பேசும் விஷயம் அல்ல அது. ரோஸ்டர் தினமும் மாறும். மாற்றியவருக்கு அந்த வளைவு தெரியாது, உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. என் பேட்ச்சில் உயிரோடு இருக்கும் எல்லாரிடமும் இப்படி ஒரு நாள் இருக்கிறது. அதை நான் யாரிடமும் லேசாக்கிப் பேசியதில்லை, உன்னிடமும் பேச மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை பேச்சில் அதைக் கொண்டுவராதே. அந்த ஐந்து நிமிடம் அவனுடையது. உன் பாரத்தை என்னிடம் கொண்டுவா. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. யூனிட் டாக்டரிடமும் பேசு. தூக்கம் வராதது ஒரு வாரத்துக்கு மேல் போனால் கட்டாயம் பேசு.

பேசப்போவதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள். கண் கலங்கினால் சின்ன எழுத்து தெரியாது. அவன் பெயரை முழுப் பெயராகச் சொல்லித் தொடங்கு. லீவு உறுதியானதும் தேதி சொல், அவன் வீட்டுக்கு உன்னோடு நானும் வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள். டிக்கெட் நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா